துப்பாக்கியா, துப்பாக்கியா? மான் வேட்டைக் கட்டுரைக்கு இரண்டு சொற்கள் வேண்டும்

ஜெயநகரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கிராம வாழ்க்கை பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மாதக் கடைசிக்குள் பதிப்பகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். ஒரு கட்டுரையில் வண்டி நின்றுவிட்டது.

ஒகாயோ மாநிலத்து விவசாயி ஒருவரும் அவருடைய அக்கா மகனும் பேசிக்கொள்கிறார்கள். மான் வேட்டைக்கு ரைபிள் வாங்குவதா, ஷாட்கன் வாங்குவதா என்பதுதான் பேச்சு முழுக்க. பையனுக்கு ரைபிள் மேல் ஆசை, மாமா ஷாட்கன் போதும் என்கிறார். என்னிடம் உள்ள அகராதிகளில் இரண்டுக்கும் துப்பாக்கிதான். "துப்பாக்கி வேண்டாம், துப்பாக்கி வாங்கு" என்று மாமா சொல்வதாக எழுத முடியுமா? அடிக்குறிப்பு இல்லாமல் வாசகருக்குப் புரிகிற இரண்டு சொற்கள் வேண்டும். ஷாட்கன்னில் போடும் இரண்டு வகைத் தோட்டாக்களுக்கும் பெயர் கிடைத்தால் நல்லது.

அல்சூரிலிருந்து:

அம்மாவுக்கு வணக்கம். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற ராணுவப் பொறியாளர் படையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். சொல் கண்டுபிடிக்கப் புலவர்கள் இருக்கிறார்கள். பொருளை நான் சொல்லிவிடுகிறேன், அது தெளிவானால்தான் பெயர் ஒட்டும்.

ரைபிள் குழலின் உட்சுவரில் திருகலாகப் பள்ளம் வெட்டியிருக்கும். குண்டு அதைக் கவ்விக்கொண்டு சுழன்றபடி வெளியே வரும். சுற்றுகிற பம்பரம் சாயாமல் நிற்பதுபோல், சுழல்கிற குண்டு புரளாமல் நேரே போகும். அந்தப் பையன் கேட்பது 30-06 ஆக இருக்கலாம். 0.30 அங்குலக் குண்டு, 1906-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட தோட்டா. பழகிய கையாக இருந்தால் இருநூறு மீட்டரில் நிற்கும் மானை ஒரே குண்டில் சாய்க்கலாம்.

ஷாட்கன் குழல் உள்ளே வழவழவென்று இருக்கும். பேங்க் காவலர் தோளில் தொங்குகிற 12 போர் அந்த வகை. 12 என்பது அங்குலமும் இல்லை, மில்லிமீட்டரும் இல்லை. அந்தக் குழலுக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. விட்டம் ஏறக்குறைய பதினெட்டரை மில்லிமீட்டர் வரும். இதன் தோட்டாவுக்குள் ரவை என்கிற சிறு உருண்டைகள் பல இருக்கும். பறவைக்குப் பொடி ரவைத் தோட்டா, மானுக்குப் பெரிய ரவைத் தோட்டா. பெரியதில் 'டபுள் ஜீரோ' என்பது ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வழக்கமான தோட்டாவில் எட்டோ ஒன்பதோ இருக்கும். நாற்பது மீட்டர் தாண்டினால் ரவை பரந்துவிடும். மான் சாகாமல் காயத்தோடு ஓடிப் புதரில் கிடந்து துடிக்கும். அதனால் பலர் ரவையை விட்டுவிட்டு ஸ்லக் என்கிற ஒற்றைக் குண்டைப் போடுவார்கள். அதை எழுபது எண்பது மீட்டர் வரை நம்பலாம்.

மாமா பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒகாயோவில் நெடுங்காலம் மானுக்கு ரைபிள் அனுமதியே கிடையாது. சமதரை, சோளக்கொல்லை, நடுநடுவே வீடுகள். ரைபிள் குண்டு குறி தவறினால் கிலோமீட்டர் கணக்கில் போய் விழும். 2014-இல்தான் நேர்ச்சுவர்த் தோட்டா, அதாவது வாய்ப்பக்கம் கழுத்துப்போல் குறுகாத தோட்டா, போடும் ரைபிள்களுக்கு மட்டும் வழி திறந்தார்கள். கட்டுரை எந்த ஆண்டில் நடக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், பேச்சின் சூடே அதைப் பொறுத்தது.

எஸ்எல்ஆர் காலத்திலும் இன்சாஸ் காலத்திலும் நாங்கள் ரைபிள் என்றுதான் சொன்னோம். தமிழ்ப் பையன்கள் எல்லாருக்கும் அது தெரியும். என் ஓட்டு அதற்கே.

ஒயிட்ஃபீல்டிலிருந்து:

உள்ளே மரை வெட்டியிருப்பதால் ரைபிளுக்கு 'மரைத்துப்பாக்கி'. ரவை சிதறுவதால் ஷாட்கன்னுக்கு 'சிதறுதுப்பாக்கி'. இரண்டும் சுருக்கம், இரண்டும் தமிழ்.

மாமாவின் வாதத்துக்கு ஒரு மறுப்பும் உண்டு. 2007-இல் பென்சில்வேனியா சட்டமன்றக் குழு ஒன்றுக்காக இதை ஆராய்ந்தார்கள். தாழ்வாகச் சுட்ட ஸ்லக் தரையில் பட்டு எகிறினால் வெகுதூரம் போகிறது, ஆகவே ஷாட்கன் எப்போதும் ஆபத்துக் குறைந்தது என்று சொல்ல முடியாது என்று அறிக்கை வந்தது.

பசவனகுடியிலிருந்து:

தம்பி, ஆர்வத்துக்கு வாழ்த்து. இரண்டு சொல்லையும் நான் ஏற்க மாட்டேன்.

சிதறுதுப்பாக்கி வினைத்தொகை. ஊறுகாய் என்றால் ஊறுவது காய். சுடுசோறு என்றால் சுடுவது சோறு. பிள்ளையாருக்கு உடைக்கிற சிதறுதேங்காயில் சிதறுவது தேங்காய். அந்த வரிசையில் சிதறுதுப்பாக்கி என்றால் சுட்டவன் கையிலேயே துப்பாக்கி சிதற வேண்டும். சிதறு என்பதற்குப் பிறவினைப் பொருளும் உண்டு என்று வாதிடலாம். தமிழ்க்காது முதலில் கேட்பது தன்வினையைத்தான்.

மரை இன்னும் சிக்கல். குறுந்தொகையில் 'மரையினம் ஆரும் முன்றில்' என்று வருகிறது. மலையூர்க் குடிசை வாசலில் நெல்லிக்காய் தின்னும் மரை ஒரு மான் வகை. கடமானா வேறொன்றா என்று உரைகாரர்களோடு வழக்காடலாம், மான் இனம் என்பதில் ஐயமில்லை. மான் வேட்டைக் கட்டுரையிலேயே மரைத்துப்பாக்கி என்று எழுதினால் மரையைச் சுடும் துப்பாக்கி என்றுதான் படிப்பார்கள். வாய்விட்டுப் படித்தால் மறைத்துப்பாக்கி, அதாவது ஒளித்து வைத்த துப்பாக்கி. பட்டறையில்கூடப் பாதிப் பேர் 'மறை' என்றே எழுதுகிறார்கள்.

துப்பாக்கி என்ற சொல்லையும் பேசிவிடுவோம். துருக்கியின் துஃபெக் வழியாக வந்தது என்று அகராதி சொல்லும். வந்திருக்கலாம். வந்த சொல் இங்கே ஏன் வேர்விட்டது? துப்பு என்ற வினையைத் தமிழன் அதில் கேட்டுக்கொண்டான் என்பது என் நெடுநாள் எண்ணம். 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி' என்ற குறளைப் பள்ளிக்கூடத்தில் படித்த எவருக்கும் அந்த ஓசை புதிதல்ல. அங்கே பொருள் உணவு என்பது வேறு செய்தி. கம்பனிடம் போனால் கூனியின் மேல் இராமன் விட்ட மண்ணுருண்டையை 'வில் உமிழ் உண்டை' என்கிறான். எறிபடையை உமிழ்வதாகச் சொல்லும் வழக்கு நமக்கு வெடிமருந்துக்கு முன்பே இருந்தது. உண்டிவில் என்று பையன்கள் சொல்வதும் அந்த உண்டைதான்.

ஆகவே ரைபிளுக்குப் 'புரிகுழல்', ஷாட்கன்னுக்கு 'உண்டையுமிழி'. புரி என்றால் திருகு. வலம்புரி, இடம்புரி என்று சங்குக்குச் சொல்வதை அப்படியே குழலுக்கும் சொல்லலாம். பெரும்பாலான ரைபிள்கள் வலம்புரி. நம் காவல்துறை நெடுநாள் வைத்திருந்த 303 லீ என்ஃபீல்டு இடம்புரி. இவ்வளவு நுட்பம் தருகிற வேரை விட்டுவிட்டு ரைபிள் என்று எழுதுவது எனக்கு வலிக்கிறது.

ராஜாஜிநகரிலிருந்து:

ஐயா, உங்கள் மடலைப் பள்ளி முடிந்து இரண்டு முறை படித்தேன், நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு சொல்லையும் கொண்டுபோக முடியாது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்கிற பிள்ளைகள். தமிழ்ப் புத்தகம் ஒன்றைக் கடைசிவரை படிக்கவைப்பதே எனக்குப் போராட்டம். புரிகுழல் என்றால் பழைய பாட்டில் பெண்ணின் சுருண்ட கூந்தல். மாமா மருமகனிடம் 'புரிகுழல் எதற்கு' என்று கேட்டால் கதை வேறு திசைக்குப் போகும். உண்டையுமிழியைச் சொல்லவே வாய் தடுக்குகிறது.

ஊரில் நாட்டுத்துப்பாக்கி வைத்திருந்தவர்கள் 'ரவை போட்டுச் சுட்டான்' என்பார்கள். செய்தித்தாளும் ரவை என்றே எழுதுகிறது. 'ரவைத்துப்பாக்கி' என்றால் சொன்ன உடனே பொருள் தெரிகிறது. ரைபிள் ரைபிளாகவே இருக்கட்டும். அபினவ் பிந்த்ரா 2008-இல் தங்கம் வாங்கியதிலிருந்து ஏர் ரைபிள் என்ற சொல் பிள்ளைகளுக்கும் தெரியும்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து:

ரவைத்துப்பாக்கியில் ஒற்றைக் குண்டு போட்டால் அது ரவைத்துப்பாக்கியா? இந்தக் கட்டுரையில் மாமா சொல்வதே ஸ்லக்கைத்தானே.

ராஜாஜிநகரிலிருந்து:

எள்ளின் நெய்தான் எண்ணெய். தேங்காய் எண்ணெய் என்கிறோம், மண்ணெண்ணெய் என்கிறோம், யாரும் எள் எங்கே என்று தேடுவதில்லை. பெயர் ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் போதும்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து:

ஒப்புக்கொள்கிறேன். குழலை வைத்துப் பெயரிட்டாலும் தப்ப முடியாது என்பதையும் தேடிப் பார்த்தேன். ஸ்லக் போடுவதற்கென்றே குழல் முழுக்கத் திருகுப் பள்ளம் வெட்டிய ஷாட்கன்கள் இன்று அமெரிக்காவில் சாதாரணம். 1880-களில் ஹாலண்டு அண்டு ஹாலண்டு செய்த 'பாரடாக்ஸ்' இன்னும் வினோதம். குழல் வழவழ, வாய்ப்பக்கம் கொஞ்ச நீளத்துக்கு மட்டும் பள்ளம். பறவைக்கு ரவையும் பெரிய விலங்குக்குக் குண்டும் ஒரே துப்பாக்கியில் போடலாம் என்று இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். ஐயாவின் முறையில் அது புரிகுழலா, உண்டையுமிழியா?

பசவனகுடியிலிருந்து:

நுனிப்புரி. வாயில் மட்டும் புரி உள்ளது என்று பொருள். வேர் சரியாக இருந்தால் விதிவிலக்குக்கும் அது பெயர் தரும், தம்பி. ரைபிள் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள்.

ரவைக்கு என் மறுப்பு வேறு. ரகரம் மொழிமுதல் வராது. முறைப்படி இரவை என்று எழுத வேண்டும். இரவைத்துப்பாக்கி என்றால் இரவு வந்து நிற்கும். சமையலறை ரவைக்கு நாம் விதியைத் தளர்த்திவிட்டோம் என்பதற்காகப் புதிதாக ஆக்கும் சொல்லிலும் தளர்த்த வேண்டுமா? 'உண்டைத்துப்பாக்கி' என்று சுருக்கிக்கொள்ள நான் ஆயத்தம். அதற்குமேல் இறங்க மாட்டேன்.

மைசூர் சாலையிலிருந்து:

நம் பக்கத்தில் துப்பாக்கி வைத்திருந்தவன் உட்சுவரைப் பார்த்துப் பெயரிடவில்லை. கன்னடத்தில் கோவி என்பார்கள். இரண்டு குழல் இருந்தால் ஜோடு நளிகெ கோவி. தமிழில் இரட்டைக்குழல் துப்பாக்கி, அதே கணக்கு. கண்ணுக்குத் தெரிவது குழலின் எண்ணிக்கையும் உள்ளே போடுவதும்தான். குடகில் துப்பாக்கிக்குத் தோக்கு என்று பெயர், மலையாளத்திலும் அதுவே. கைல்போள்து பண்டிகையில் அதற்குப் பூ வைத்துக் கும்பிடுவார்கள். ஆயுதச் சட்ட உரிமம் வாங்குவதிலிருந்து குடவர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் கொடுத்த விலக்கு இன்றும் உண்டு, 2029 வரை நீட்டியிருக்கிறார்கள். ஈழத்தமிழர் சொல்லும் துவக்கு இந்தத் தோக்குக்கு உறவா, இல்லை துஃபெக்குக்கு நேர் வாரிசா என்று பசவனகுடி ஐயா எழுத வேண்டும்.

மட்டுறுத்துநர்:

துவக்கு, தோக்கு ஆராய்ச்சிக்குத் தனி இழை தொடங்குங்கள், எனக்கும் படிக்க ஆவல். இங்கே அம்மாவுக்குக் கெடு நெருங்குகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் மான் வேட்டை குற்றம் என்பதால், வேட்டைக்காரர் வாயில் புழங்கும் சொல் இங்கே புதிதாகப் பிறக்க வழியில்லை. புத்தகம் வழியாகத்தான் வர வேண்டும். அதனால் படிப்பவரை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

ஜெயநகரிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. மாமா பேசும் பத்தியை மூன்று விதமாக எழுதி வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். புரிகுழல், உண்டைத்துப்பாக்கி என்று வைத்தால் ஒகாயோ விவசாயி புலவராகிவிடுகிறார். அவர் டிராக்டர் ஓட்டுகிறவர். ரைபிள், ஷாட்கன் என்று இரண்டையும் அப்படியே விட்டால் நான் எதற்கு? 'ரைபிள் எல்லாம் எதுக்குடா, ரவைத்துப்பாக்கியில ஒத்தைக் குண்டு போட்டா மான் விழும்' என்று எழுதியபோது அவர் குரல் கேட்டது. இந்த இழையில் கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோரும் அந்தப் பக்கமே சாய்கிறார்கள். ரைபிள், ரவைத்துப்பாக்கி, ஒற்றைக்குண்டு, மானுக்கான பெரிய ரவைக்கு மான்ரவை. மான்ரவை அல்சூர் ஐயாவின் விளக்கத்திலிருந்து எடுத்தது. இவற்றோடு அனுப்புகிறேன். குழல்வாயைக் கொஞ்சம் குறுக்கி ரவையைப் பரவவிடாமல் செய்வார்களாமே, சோக் என்று, அதை 'அடைப்பு' என்று வைத்திருக்கிறேன். சரிதானே?

பசவனகுடியிலிருந்து:

அம்மா, அனுப்புங்கள், கெடு முக்கியம். நம் குழுவின் சொற்பட்டியலில் ரைபிளுக்கு எதிரே புரிகுழல் என்பதையும், ஷாட்கன்னுக்கு எதிரே உண்டைத்துப்பாக்கி என்பதையும் மாற்றுச் சொல்லாகவாவது ஏற்ற வேண்டும். பெரும்பான்மை சோர்ந்துபோய்க் கை தூக்கியது என்பது என் கருத்து, அதையும் பதிவு செய்யக் கேட்கிறேன். துவக்கு பற்றித் தனி மடல் வரும்.

அல்சூரிலிருந்து:

அம்மா, அடைப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். குழலில் சேறோ துணியோ அடைத்திருப்பது தெரியாமல் சுட்டால் குழல் வெடித்துக் கை போய்விடும். குழலில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் தோட்டா போடாதே என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று. சோக் என்பது திட்டமிட்டுச் செய்த குறுக்கம், அடைப்பு என்பது விபத்து. புத்தகத்தில் மாமா மருமகனிடம் 'அடைப்பு வச்ச துப்பாக்கி நல்லா சுடும்' என்று சொல்லிவிடக் கூடாது. 'வாய்க்குறுக்கம்' என்று போடுங்கள், நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. பசவனகுடி ஐயாவிடம் இதைவிடச் சின்னச் சொல் இருந்தால் இன்றைக்கே சொல்லட்டும், நான் எதிர்க்க மாட்டேன்.