பொருள்: மறு: "அரசியல் பொருளாதாரப் பகுப்பாய்வு" என்பதற்கு வேறு சொல்: வலுவறிதல்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உள்ளாட்சி அலுவலர்களுக்கும் தொண்டு நிறுவனக் களப்பணியாளர்களுக்குமான பயிற்சி ஏடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது இந்த "பொலிட்டிகல் எகானமி அனாலிசிஸ்". இதற்குத் தவறான பெயர் வைத்தால் ஏடு முழுவதும் தவறாகவே படிக்கப்படும் என்பதுதான் என் கவலை.

முதலில், இந்த வேலை என்ன என்பதில் நமக்குள் தெளிவு வேண்டும், ஏனென்றால் சில மடல்கள் வேறு எதையோ மனத்தில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டதாகத் தோன்றியது. ஒரு சீர்திருத்தம் காகிதத்தில் நன்றாக இருக்கிறது, எல்லோரும் தலையாட்டுகிறார்கள், ஆனால் பத்து வருடமாக நகரவில்லை. ஏன்? இப்போதிருக்கும் நிலையால் யாருக்கு வருமானம், மாறினால் யார் இழப்பார்கள், இழப்பவர்களுக்குத் தடுக்கிற சக்தி எங்கிருந்து வருகிறது, கூட நிற்கக்கூடியவர்கள் யார், அவர்கள் ஏன் இன்னும் வரவில்லை, எந்த நேரத்தில் கதவு திறக்கும். இதையெல்லாம் திட்டம் போடும்முன் தெரிந்துகொண்டு, அதற்கேற்பத் திட்டத்தையே வளைத்துக்கொள்வதுதான் இந்த வேலை. பிரிட்டனின் வளர்ச்சி உதவித் துறை 2000களின் தொடக்கத்தில் நாடு நாடாக இப்படி ஆய்வுகள் செய்தது. அவற்றில் பல தடித்த அறிக்கைகளாகி அலமாரிக்குப் போயின, ஒரு நாட்டின் வரலாறு முழுவதையும் எழுதிவிட்டுக் கடைசியில் "ஆகவே என்ன செய்யலாம்" என்ற இடத்தில் நின்றுவிட்டன. அப்புறம்தான் உலக வங்கி உட்படப் பலரும், ஒரு குறிப்பிட்ட சிக்கலை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றி மட்டும் ஆய்வு செய்யும் முறைக்கு வந்தார்கள். சொல் தேடும்போது இது முக்கியம். செயலைச் சுட்டாத பெயர் பழைய அலமாரிக்கே இட்டுச்செல்லும்.

> "அரசியல் பொருளாதாரம் என்ற சொல் ஏற்கெனவே நன்றாக வேரூன்றிவிட்டது, அதோடு பகுப்பாய்வைச் சேர்த்தால் போதும்"

ஐயா, வேரூன்றிவிட்டது என்பது உண்மை, அதுவேதான் சிக்கலும். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை பொருளியல் முழுவதற்கும் ஐரோப்பாவில் அதுதான் பெயர். தமிழுக்கு அது பெரும்பாலும் மார்க்சிய நூல்கள் வழியாக, மாஸ்கோவில் அச்சாகி வந்த மொழிபெயர்ப்புகள் வழியாகவே வந்தது. இன்று "அரசியல் பொருளாதாரம்" என்று ஒரு தமிழ் வாசகர் பார்த்தால் உற்பத்தி உறவு, உபரி மதிப்பு, வர்க்கம் என்றுதான் எண்ணம் ஓடும். அந்தப் பொருளில் அந்தச் சொல் அப்படியே நிற்கட்டும், அதைத் தொட வேண்டாம். ஆனால் ஒரு வட்டாட்சியர் குடிநீர்க் கட்டணத்தை ஏன் மாற்ற முடியவில்லை என்று யோசிக்கிற வேலைக்கு அந்தப் பலகையை மாட்டினால், ஒன்று இது கட்சி அரசியல் என்று ஒதுக்குவார், இல்லை பொருளாதாரம் படித்தவர்களின் வேலை என்று விட்டுவிடுவார். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய நண்பர் "அரசியற் பொருளாதாரம்" என்று சேர்த்தெழுதலாம் என்றார், எழுத்து அழகாக இருக்கிறது, பொருள் மாறவில்லை.

சரி, உண்மையில் நடந்த ஒன்றை வைத்துச் சொற்களைச் சோதித்துப் பார்ப்போம். எனக்கு இதில் எப்போதும் நினைவுக்கு வருவது பிலிப்பைன்ஸ் 2012இல் கொண்டுவந்த புகையிலை, மது வரிச் சட்டம்.

அங்கே 1997 முதல் இருந்த முறையில் சிகரெட் வரி நாலு அடுக்கு. விலை குறைந்த சிகரெட்டுக்குக் குறைந்த வரி. அதோடு ஒரு விசித்திரம்: 1996இல் சந்தையில் இருந்த பிராண்டுகளுக்கு அந்த வருட விலையை வைத்தே அடுக்கு தீர்மானமாகும், பிறகு விலை எவ்வளவு ஏறினாலும் சரி. புதிதாக வருகிற பிராண்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆக, பழைய நிறுவனங்களுக்குச் சட்டமே கோட்டைச் சுவர். 2010இல் பிலிப் மோரிஸின் உள்நாட்டுக் கிளையும் பார்ச்சூன் டொபாக்கோவும் ஒன்றாகிச் சந்தையில் பத்தில் ஒன்பது பங்கைக் கையில் வைத்திருந்தன. வடக்கு லூசோனில் புகையிலை விளையும் மாகாணங்களின் மக்களவை உறுப்பினர்கள் இந்த வரியில் கை வைக்க விடமாட்டார்கள். 2004இல் வரி விகிதத்தை உயர்த்தியபோதுகூட 1996 விலை உறைவு அப்படியே தப்பித்தது. சிகரெட் மலிவாகக் கிடைப்பது உடல்நலத்துக்குக் கேடு என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது? வரியால் பயன்பெறப்போவது கோடிக்கணக்கான பேர், ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, என்றோ ஒரு நாள். இழப்பது சில பேர், நிறைய, உடனே. அந்தச் சில பேர்தான் நாடாளுமன்ற வாசலில் நிற்பார்கள்.

2012இல் எப்படி உடைந்தது? இதைக் கவனமாகப் பாருங்கள், நாம் தேடும் சொல் இங்கேதான் இருக்கிறது. புதிய வரி போடமாட்டேன் என்று சொல்லி 2010இல் பதவிக்கு வந்தவர் அதிபர் பெனிக்னோ அக்கினோ. அதனால் இது வருவாய் மசோதாவாகப் பேசப்படாமல் சுகாதார மசோதாவாகப் பேசப்பட்டது, மருத்துவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கிடைக்கும் கூடுதல் வருவாயில் புகையிலை மாகாணங்களுக்கு ஒரு பங்கு ஒதுக்கி, விவசாயிகள் வேறு பிழைப்புக்கு மாற உதவுவது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். மீதியில் பெரும்பகுதி ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டுக்கு. விலை உறைவால் வெளியே தள்ளப்பட்டிருந்த பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ சீர்திருத்தத்தை ஆதரித்தது, ஆக தொழிலே ஒரே குரலில் பேச முடியாமல் போனது. மதுபான வரி பாரபட்சமானது என்று உலக வர்த்தக அமைப்பு 2011இல் தீர்ப்புச் சொல்லியிருந்ததால் சட்டத்தை எப்படியும் திறந்துதான் ஆக வேண்டும் என்ற நிலையும் இருந்தது. செனட் குழுவின் தலைவர் வரியை வெகுவாகக் குறைத்து அறிக்கை தந்தார், கடும் எதிர்ப்பு கிளம்பி அவர் விலகினார், பொறுப்பு பிராங்க்லின் டிரிலோன் என்ற இன்னொரு செனட்டர் கைக்குப் போனது. டிசம்பரில் செனட்டில் இறுதி வாக்கெடுப்பு 10க்கு 9. ஒரே ஒரு வாக்கு. மலிவு சிகரெட்டின் வரி பாக்கெட்டுக்கு 2.72 பெசோவிலிருந்து 2013இல் 12 பெசோவானது, 2017இல் எல்லாவற்றுக்கும் ஒரே விகிதமாக 30. தங்களுக்காக அரசே காப்பீட்டுத் தொகை கட்டிய ஏழைக் குடும்பங்கள் ஏறத்தாழ 50 இலட்சத்திலிருந்து 2015 வாக்கில் ஒன்றரைக் கோடியை எட்டின.

அந்த 10க்கு 9 என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. மேலே சொன்னவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த ஒரு வாக்கு வந்திருக்குமா?

அதே 2012 ஜனவரி 1 அன்று நைஜீரியா பெட்ரோல் மானியத்தை ஒரே நாளில் எடுத்தது. 65 நைராவிலிருந்து 141. நாடு முழுக்க வேலைநிறுத்தம், சுமார் இரண்டு வாரத்தில் 97க்கு இறக்கினார்கள். மானியம் பெரிய இறக்குமதியாளர்களுக்கே போகிறது என்ற அரசின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை, ஆனால் சாதாரண மக்களுக்கு அரசிடமிருந்து கண்ணால் பார்த்த ஒரே உதவி அந்த மலிவு பெட்ரோல்தான். ஈரான் 2010 டிசம்பரில் எரிபொருள் விலையை ஏற்றியபோது குடும்பங்களின் வங்கிக் கணக்கில் முன்கூட்டியே பணத்தைப் போட்டுவிட்டு, விலை ஏறும்போதுதான் எடுக்கலாம் என்று வைத்தார்கள். பின்னாளில் அந்தப் பணத்தின் மதிப்பை விலைவாசி தின்றது, அது வேறு கதை. ஆனால் அந்த எரிபொருள் விலையேற்றம் நைஜீரியாவில் போலப் பின்வாங்கப்படாமல் நிலைத்தது.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். "களமறிதல்" என்று ஒருவர் முன்வைத்தார், கேட்க மிக நன்றாக இருக்கிறது, ஆனால் "கள ஆய்வு" என்பது நேரில் போய்ப் பார்க்கும் ஆய்வுக்கு நிலைத்துவிட்டது, இரண்டும் ஒன்றாகவே புரிந்துகொள்ளப்படும். "நலன்சார் ஆய்வு" வேண்டாம், தமிழ்நாட்டில் "நலன்" என்றதும் நலத்திட்டம்தான் நினைவுக்கு வரும். "அதிகாரப் பகுப்பாய்வு" என்றால் யாருக்கு எந்தக் கோப்பில் கையெழுத்துப் போடும் உரிமை என்று அலுவலர்கள் புரிந்துகொள்வார்கள். பிலிப்பைன்ஸ் புகையிலை நிறுவனத்துக்கு அதிகாரம் எதுவும் கிடையாது, செல்வாக்குதான். "ஆதாய-செல்வாக்கு ஆய்வு" எனக்குப் பிடித்த சொல், எவருக்கும் புரியும். ஆனால் ஊழல் விசாரணை மாதிரி ஒலிக்கிறது என்று சென்னை நண்பர் சொன்னதை மறுக்க முடியவில்லை.

என் முன்மொழிவு வலுவறிதல்.

குறளில் 47ஆம் அதிகாரம் தெரிந்து செயல்வகை, 48 வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல். இந்த நான்கையும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். "அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும் சூழ்ந்து செயல்": எது போகும், எது வரும், கடைசியில் மிச்சம் என்ன. அடுத்து "வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்." செயலின் கனம், நம் பலம், எதிர்ப்பவரின் பலம், இருபக்கமும் துணை நிற்பவரின் பலம். பிறகு காலம், இடம். ஏட்டின் முதல் அத்தியாயத்தில் உள்ள கேள்விகள் ஏறக்குறைய இதே வரிசையில்தான் இருக்கின்றன. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை, குறளில் இது அரசன் படையெடுப்புக்குச் சொன்னது, சட்டத் திருத்தத்துக்கு அல்ல. ஆனால் "தூக்கிச் செயல்" என்ற இரண்டு சொல்லில் எடைபோடுவதும் செய்வதும் பிரியாமல் இருக்கின்றன. அலமாரி அறிக்கைகளில் இல்லாமல் போனது அதுதான்.

"வலியறிதல்" என்றே வைத்தால் இன்றைய காதுக்கு நோவு என்று கேட்கும். அதனால் "வலு". இலங்கைப் பாடநூல்களில் இயற்பியலில் "பவர்" என்பதற்கு "வலு"தான், "வலுவூட்டல்" அங்கே அன்றாடச் சொல். தமிழ்நாட்டிலும் "வலுவான கூட்டணி" என்று சொல்லாத தேர்தல் கிடையாது.

> "வலு என்றால் பலம் மட்டும்தானே, ஆதாயம் எங்கே போயிற்று? பொருளாதாரப் பக்கம் விடுபடுகிறது"

இழையில் வந்ததிலேயே வலுவான மறுப்பு இது. என் பதில்: சீர்திருத்தங்களில் வலு ஆகாயத்திலிருந்து வருவதில்லை, ஆதாயமும் இழப்பும் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கின்றன என்பதிலிருந்துதான் பிறக்கிறது. சிலர் கையில் குவிந்த இழப்பு உடனே அணிதிரளும், பலருக்குச் சிதறிய பயன் அணிதிரளாது. ஒருவரின் வலுவை அறியப் போனால் அவருக்கு என்ன வருகிறது, என்ன போகிறது என்று கேட்காமல் முடியாது. அதை வரையறையிலேயே எழுதிவிடலாம்.

> "இது திறன் மதிப்பீடு என்று குழம்பாதா?"

குழம்பலாம். அதனால் முதல் முறை வரும் இடத்தில் "சீர்திருத்த வலுவறிதல்" என்று முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம்.

ஒரு கலைச்சொல்லை நான் எடைபோடுவது அது கிளைவிடுகிறதா என்று பார்த்துத்தான். "வலுவறிந்து செயல்படுதல்": ஆங்கிலத்தில் "திங்கிங் அண்ட் வொர்க்கிங் பொலிட்டிக்கலி" என்று நீட்டி முழக்குவது இரண்டே சொல்லில் வந்துவிடுகிறது. "வலுவறிந்த வடிவமைப்பு", "வலுவறியாச் சீர்திருத்தம்", "வலுப்படம்" (யார் எங்கே நிற்கிறார்கள் என்று வரையும் படம்), "துணைவலு", "தடுப்புவலு" (ஒப்புதல் தராமலே ஒரு மாற்றத்தை நிறுத்தக்கூடியவரின் பலம்). வாக்கியத்தில் வைத்தும் பார்த்தேன்: "குஜராத்தின் ஜோதிகிராம் என்ற கிராமப்புற மின்திட்டம் பாசனப் பம்புகளுக்கு மீட்டர் வைக்கும் சண்டைக்கே போகாமல், மின்பாதையை மட்டும் இரண்டாகப் பிரித்து, வயலுக்கு 8 மணி நேரம் முழு அழுத்த மின்சாரமும் வீடுகளுக்கு 24 மணி நேரமும் தந்தது, வலுவறிந்த வடிவமைப்புக்கு இது ஓர் எடுத்துக்காட்டு." இடறாமல் படிக்க முடிகிறது. அந்த இடத்தில் "அரசியல் பொருளாதாரப் பகுப்பாய்வின் அடிப்படையிலான வடிவமைப்பு" என்று போட்டுப் படித்துப் பாருங்கள்.

வரையறை இப்படி இருக்கலாமா: "வலுவறிதல் – ஒரு குறிப்பிட்ட மாற்றத்தால் யாருக்கு என்ன வரும், என்ன போகும், அதனால் யார் எவ்வளவு வலுவுடன் அதைத் தடுப்பார் அல்லது துணைநிற்பார், எப்போது, எங்கே என்பவற்றை அறிந்து அதற்கேற்பச் செயலைத் திட்டமிடுதல்."

"தடுப்புவலு" எனக்கே முழு நிறைவு தரவில்லை, "முட்டுக்கட்டை" என்று பேச்சுச் சொல்லையே எடுக்கலாமா என்றும் யோசிக்கிறேன், ஆனால் அதில் ஒரு வசவு இருக்கிறது. தடுப்பவர்களில் நியாயமான பயம் உள்ளவர்களும் உண்டு, புகையிலை விவசாயி மாதிரி. அவரை ஏசுகிற சொல் ஏட்டில் இருக்கக் கூடாது. இந்த ஒன்றுக்கு நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள். மற்றவற்றில் மறுப்பு உள்ளவர்கள் காரணத்தோடும், முடிந்தால் ஒரு மாற்று வாக்கியத்தோடும் எழுதினால் உதவியாக இருக்கும். இலங்கை, மலேசிய நண்பர்களின் கருத்து கட்டாயம் வேண்டும், இந்த ஏடு அங்கேயும் பயன்படப்போகிறது.

அன்புடன்.