27-ஆம் அத்தியாயம் வரை மறைக்கலாமா?

மையக்கோடு:
இளையோர் காதல் நாவல். 30 அத்தியாயம், சுமார் 60,000 சொல். இருவரும் பொறியியல் இறுதியாண்டு, ஒரே வகுப்பு. அவள் அக்டோபரில் மேற்படிப்புக்கு ஜெர்மனி போகிறாள், அதை அவனிடம் சொல்லவில்லை. 27-இல்தான் அவனுக்கும் நமக்கும் தெரிகிறது. இவ்வளவு தள்ளிப்போடலாமா?

பிழைதிருத்தி:
கூடாது. ஜெர்மனிப் படிப்பு சத்தமில்லாம நடக்கிற காரியமா? நம்ம படிப்புச் சான்றிதழ்களை ஜெர்மனி தரப்புல சரிபார்த்துக் குடுக்கிற ஏபிஎஸ் சான்றிதழ் வேணும். டிரான்ஸ்கிரிப்டுக்கு, அதாவது முழு மதிப்பெண் பட்டியலுக்கு, கல்லூரி ஆபீஸ்ல நிக்கணும். பல படிப்புகளுக்குப் பேராசிரியர் பரிந்துரைக் கடிதமும் கேப்பாங்க. விசா சமயத்துல பிளாக்டு அக்கவுண்ட்ல, அதாவது மாசாமாசம் கொஞ்சம்தான் எடுக்க விடுற கணக்குல, பணம் காட்டணும், 2024 செப்டம்பர்ல அது 11,904 யூரோ ஆச்சு. இத்தனைக்கும் ஒரே வகுப்புல உக்காந்திருக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியலைன்னா அவன் காதலன் இல்லை, கரும்பலகை. 15-ஐத் தாண்டாதீங்க.

குருகு25:
அத்தியாய எண்ணை விடுங்க, சாட்சியை எண்ணுங்க. குறுந்தொகை 25-ல தலைவன் வந்துபோனதுக்கு சாட்சி ஒரே ஒரு குருகு, நாரை மாதிரிப் பறவை. தினைத்தாள் மாதிரி காலை ஊன்றி, ஓடுற தண்ணியில ஆரல் மீனுக்குக் காத்திருக்கிற குருகு. அது வந்து பேசாது, அதான் தலைவிக்குப் பயம். இங்க பேசக்கூடிய சாட்சி அஞ்சாறு பேர் இருக்காங்க. ரெண்டு பேரையும் வேற வேற கல்லூரியில போடுங்க, பாதி சாட்சி குறையும். அப்புறம் 27 வரைக்கும் தாங்கும்.

பிழைதிருத்தி:
உதாரணம் அழகு, ஆனா இங்க பொருந்தாது. களவுங்கிற பழந்தமிழ்க் காதல், ரெண்டு பேர் சேர்ந்து ஊருக்கு மறைக்கிறது. ஒருத்தர் இன்னொருத்தருக்கு மறைச்சா அதுக்குப் பேர் பொய். ஊருக்கு மறைக்கிற களவுக்கே இறையனார் களவியல்ங்கிற பழைய இலக்கண நூல் 'திங்கள் இரண்டின் அகம்'னு, அதாவது ரெண்டு மாசத்துக்குள்ளன்னு, கெடு வைக்குது. இவ ஒரு வருஷமா மறைக்கிறா.

குருகு25:
அன்பால சொல்ற பொய்யும் நம்மகிட்ட இருக்கே! குறுந்தொகை 66. கொன்றை பூத்துடுச்சு, கார்காலம் வந்துடுச்சு, வரேன்னவன் வரலை. தோழி என்ன சொல்றா? இது கார் இல்லை, 'வம்ப மாரி', காலந்தப்பின மழை, மரத்துக்குத்தான் புத்தியில்லைன்னு. பருவத்தையே மறைக்கிறா. தேதியை மறைக்கிற உங்க கதாநாயகிக்கு இதைவிட நல்ல முன்னோடி கிடையாது.

பிழைதிருத்தி:
அந்தப் பாட்டு ஏன் நிக்குதுன்னா, பூத்த கொன்றை நம்ம கண்ணு முன்னாடி இருக்கு. தோழி மழுப்புறான்னு படிக்கிறவனுக்குத் தெரியும். மையக்கோடு வாசகனுக்கும் சேர்த்துல்ல மறைக்கிறார்? 27-ல திடீர்னு விமான டிக்கெட்டைக் காட்டினா, முன்னாடி வந்த 26 அத்தியாய அன்பும் சந்தேகத்துக்குள்ள போயிடும். அவ அழுத இடத்தையெல்லாம் வாசகன் திரும்பப் புரட்டிப் பார்ப்பான், கோபத்தோட.

குருகு25:
இதை ஒத்துக்கிறேன். 3-லயே வாசகனுக்குச் சொல்லிடலாம். அதுக்கப்புறம் 'அடுத்த பொங்கலுக்கு எங்க வீட்டுக்கு வா'ன்னு அவன் சாதாரணமாச் சொன்னாக்கூட நமக்குச் சுருக்குன்னு இருக்கும். அவ பேச்சை மாத்துவா, அவ்வளவே போதும். ஆனா அவனுக்கு 27-தான்.

மையக்கோடு:
அவன் 16-இல் தற்செயலாகக் கண்டுபிடித்து, தெரியாதவன் போல நடந்தால்? மேசையில் மறந்த ஜெர்மன் பயிற்சிப் புத்தகம் போல ஏதாவது.

பிழைதிருத்தி:
நல்ல வழி, ஆனா புத்தகம் வேண்டாம். 'சும்மா கத்துக்கிறேன்'னு ஒரு வரியில தப்பிச்சிடுவா. தேதி போட்ட காகிதமா இருக்கணும், விசா நேர்காணல் சீட்டு மாதிரி. தேதியைப் படிச்சிட்டான்னா அன்னிலேர்ந்து அவனும் நாள் எண்ண ஆரம்பிப்பான். ஒரு எச்சரிக்கை: ரெண்டு பேரும் தெரிஞ்சுகிட்டே நடிக்கிறது நாலஞ்சு அத்தியாயம்தான் தாங்கும். 21-ல யாராவது வாயைத் திறக்கணும்.

குருகு25:
யாராவது இல்லை, அவதான். அவன் கேட்டு அவ ஒத்துக்கிட்டா அது விசாரணை. 21-க்குச் சரி. மிச்சம் ஒன்பது அத்தியாயத்துக்குத் தேதி தெரிஞ்ச காதல், எனக்கு அதுதான் படிக்க ஆசை.

பிழைதிருத்தி:
ஒன்பது அதிகம். ஆறு.