‘ரீடிங் டிரிஃப்ட்’: நகர்வா, திரிபா?

கொதிகலன் பணியாளர்களுக்கான புகைவளி அளவிக் கையேடு (புகையிலுள்ள ஆக்சிசனை அளக்கும் கருவிக்கானது) வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ஒரே சொல்லில் தேங்கி நிற்கிறது. தூய காற்றில் 20.9 விழுக்காடு ஆக்சிசன் காட்ட வேண்டிய கைக்கருவி, நாளடைவில் 20.4, 20.1 என்று தானாக இறங்குகிறதே, அந்த ‘டிரிஃப்ட்’டுக்கு ‘நகர்வு’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

> ‘நகர்வு’ என்று போட்டிருக்கிறேன்

கருவியைத் தூக்கி இடம் மாற்றுவதாகப் படிப்பார்கள். ‘திரிபு’ இருக்க வேறெதற்கு? சொற்கள் புணரும்போது தோன்றல், திரிதல், கெடுதல் என விகாரம் மூன்று. வளியே இல்லாதபோது எண் வந்தால் தோன்றல், 20.9 என்பது 20.1 ஆனால் திரிதல். திரை வெறுமையானால் கெடுதல். கருவிப் பழுது முழுவதும் புணரியலில் அடங்கிவிட்டது! ‘நிலையின் திரியாது’ என்ற குறளிலும் நின்ற நிலையிலிருந்து விலகாமைதான் பொருள்.

> திரிபு

ஐயா, திரிந்த பால் மறுபடி பாலாகாது. இதுவோ அளவுதிருத்தம் (காலிபிரேஷன்) செய்தால் 20.9க்கு வந்துவிடும். பட்டறையில் ‘ரீடிங் ஓடுது’ என்கிறார்கள். ‘ஓட்டம்’ என்றே வைக்கலாமே? போகிற போக்கில், ஆக்சிசன் எதற்கு? உயிர்வளி.

> ஓட்டம்

பம்பு இழுக்கும் வளிக்கு ஏற்கெனவே அந்தச் சொல்தான். திருத்தினால் வந்துவிடும் என்பதும் பாதி உண்மை. ஆக்சிசனை உணர்ந்து மின்னழுத்தமாகத் தரும் மின்வேதி உணரியில் காரீய முனை நாள்தோறும் தேய்கிறது. மில்லிவோல்ட் குறையக் குறைய, திருத்தம் அதைப் பெருக்கும் அளவைக் கூட்டி 20.9 காட்ட வைக்கிறது. காரீயம் தீர்ந்தபின் எந்தத் திருத்தமும் ஏறாது, உணரியை மாற்ற வேண்டியதுதான். பால் உவமை அவ்வளவு பிழையில்லை.

பெரிய கோளாறு வேறு. வரைவில் ஒழுக்கையும் (லீக்) இதே சொல்லில் அடக்கியிருக்கிறீர்கள். குழாயில் வெளிக்காற்று நுழைந்தால், புகைபோக்கியில் 3 விழுக்காடு இருக்க வேண்டிய இடத்தில் 6 காட்டும். அதைத் தூய காற்றில் திருத்தப் போனால் கருவி அழகாக 20.9 காட்டும்; நுழைவதும் அதே காற்றுதானே! எனவே முதலில், புகைபோக்கிக்குள் செருகும் ஆய்வுக்கோல் ஆறியபின் அதன் நுனியை விரலால் அடைக்கச் சொல்லுங்கள். பம்பு முக்க வேண்டும், ஓட்டம் சுழிக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால், புகையின் ஈரத்தைப் பிடிக்கும் நீர்ப்பொறியின் ஓ-வளையம், வடிகட்டிக் கிண்ணம், குழாய் விரிசல் என்று பார்க்க வேண்டும். ஆக்சிசன் இல்லாத நைட்ரசனில் சுழி காட்டுகிறதா என்று பார்க்கும்போதும் சிலிண்டரை நேரே செருகக் கூடாது. அழுத்தத்தில் வளி ஓட்டை வழியே வெளியேறுமே தவிர, காற்று உள்ளே வராது; ஓட்டை தெரியாமலே போகும். ‘T’ வடிவ இணைப்பில் மிகுதியை வெளியே விட்டுப் பம்பையே இழுக்க விடுங்கள்.

> ஒழுக்கு

ஒழுகுவது வெளியே. உள்ளே வருவது ‘புகுகாற்று’. ஒழுகு என்ற அடியிலிருந்துதான் ஒழுக்கமும் வந்தது. அதைக் குழாயின் மேல் ஏற்றுவானேன்?

> புகுகாற்று

எடுத்துக்கொண்டேன், தனிப் பத்தியாகவே போகும். மற்றதற்கு ‘அளவுத் திரிபு’. முதலில் வருமிடத்தில் மட்டும் பக்கத்திலேயே ‘ரீடிங் ஓடுதல்’. ஆக்சிசன் ஆக்சிசனாகவே இருக்கட்டும். நால்வரில் மூவர் ஒப்பியாயிற்று.

> நால்வரில் மூவர்

நான்காமவன் நானே. சுழி அளவு விலகுவதைச் ‘சுழித் திரிபு’ என்று மூன்று முறை சொல்லிப் பாருங்கள். ‘சுழி நகர்வு’ எவ்வளவு இலகு!