தடைக்காலத்தில் உங்கள் வீட்டுக் குழம்பு என்ன?

தங்கச்சிமடம்:

ஏப்ரல் 15 வந்தால் விசைப்படகெல்லாம் கரைக்கு வந்துவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. 2017-க்கு முன்பு 45 நாளாக இருந்தது. நாட்டுப்படகுகள் போகலாம் என்பதால் மீன் அடியோடு இல்லாமல் போவதில்லை. ஆனால் வருவது கொஞ்சம், விலையும் கிட்ட நெருங்க முடியாது. எங்களைப் போலப் படகுக்குப் போய் வரும் பணத்தில் அடுப்பெரிகிற வீடுகளில் அந்த இரண்டு மாதமும் காய்கறிதான். அந்த நாட்களில் என்ன சமைத்தீர்கள், யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று எழுதுங்களேன். நான் ஆரம்பித்து வைக்கிறேன்.

எனக்குப் பிறந்த ஊர் பரமக்குடிப் பக்கம். கல்யாணமாகி இந்தத் தங்கச்சிமடத்துக்கு வந்த புதிதில் பருப்பு வேகவே வேகாது. ஊரில் நாலு விசிலில் மசிகிற அதே துவரம் பருப்பு, இங்கே எத்தனை விசில் விட்டாலும் முழுசு முழுசாக நிற்கும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "என்னத்தா, கிணத்துத் தண்ணியிலயா வேக வைக்கிற? கழுவுறதுக்குத்தான் அது. வேக வைக்கக் குடிதண்ணி ஊத்துத்தா" என்றார். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம், அது பருப்பை இறுக்கிவிடும், அதனால்தான் உள்ளே மாவாவதில்லை. அன்றிலிருந்து ஊற வைப்பதும் வேக வைப்பதும் குடிதண்ணீரில்தான். சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டாலும் வெந்துவிடும், ஆனால் பருப்பின் வாசமே போய்விடுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

சரி, வெயில் காலத்தில் குடிதண்ணீரைக் குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்குகிறோம். பருப்புக்கு அவ்வளவு செலவழிக்க மனசு வராது. இந்தக் கரையில் சாம்பாரைவிடப் புளிக்குழம்பு அதிகம் கொதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அந்தப் பெரியம்மா வைக்கிற முருங்கைக்காய் மாங்காய்க் குழம்பைச் சொல்லியே ஆக வேண்டும். மீன் குழம்புக்குக் கூட்டுகிற அதே கூட்டுதான்: புளிக்கரைசல், மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள், அம்மியில் அரைத்த தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும். மீனுக்குப் பதில் காய், அவ்வளவுதான். ஆனால் வரிசை மாறக் கூடாது. மண்சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றி வெந்தயம் சிவந்ததும் வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை. அப்புறம் முருங்கைக்காயைப் போட்டு, தூளும் உப்பும் வெறும் தண்ணீரும் சேர்த்து முக்கால் பதம் வேக வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் புளி. புளிப்பு முதலிலேயே இறங்கிவிட்டால் காய் விறைத்துக்கொள்ளும், உள்ளே சதை கழன்று வராது. புளி பச்சை வாசனை போகக் கொதித்ததும் தேங்காய் அரைப்பு, கடைசியாகக் கொட்டையோடு வெட்டிய மாங்காய். ஓரத்தில் எண்ணெய் மிதக்க ஆரம்பித்ததும் இறக்கிவிடுவார். மாங்காய் போடுகிற அன்று புளியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். மறுநாள் காலையில் பழைய சோற்றுக்கு இந்தக் குழம்பைச் சுண்ட வைத்துக் கொடுத்தால் எங்கள் வீட்டில் மீனைப் பற்றி யாரும் பேச்சே எடுப்பதில்லை.

கீழக்கரை:

உங்கள் மாங்காய்க் குழம்பு படிக்கும்போதே நாக்கு ஊறுகிறது. எங்கள் வீட்டில் தடைக்காலம் என்றால் தேங்காய்ப் பால் ஆணம். குழம்பை நாங்கள் ஆணம் என்போம். சுரைக்காயோ முருங்கைக்காயோ உருளைக்கிழங்கோ, பச்சை மிளகாய் கீறிப் போட்டு இரண்டாம் பாலில் வேக வைத்து, கடைசியில் முதல் பாலை ஊற்றி, ஓரம் நுரை கட்டும்போதே அடுப்பை அணைத்துவிடுவோம். தளதளவென்று கொதித்தால் பால் திரிந்துவிடும்.

என் மாமனாருக்கு மீன் வாசம் இல்லாமல் சோறு இறங்காது. கல்யாணமாகி வந்த வருஷம் தடைக்காலத்தில் அவர் தட்டைத் தள்ளி வைத்ததைப் பார்த்து நான் பயந்தே போனேன். மாமி ஒன்றும் பேசவில்லை. ஒரு டப்பாவிலிருந்து மாசித் துண்டு எடுத்தார். சூரை மீனை வேக வைத்துப் புகை போட்டுக் காய வைத்தது, விறகுக் கட்டை மாதிரி இருக்கும். அதை உரலில் இடித்துத் தூளாக்கி, சீனியவரைக்காய் (கொத்தவரங்காய்) பொரியலில் தேங்காய்ப்பூ போடுகிற நேரத்தில் ஒரு கரண்டி தூவிக் கிளறினார். மாமா இரண்டாம் முறை சோறு வாங்கினார். இப்போது நானும் மாசித்தூளைப் புட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். புடலங்காய், பூசணி எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும். வெண்டைக்காய்க்கு மட்டும் வேண்டாம், சேரவில்லை.

சாயல்குடி பக்கம்:

நீங்கள் எல்லோரும் தூள் என்று ஒரு வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள். எங்களுக்கு அதுதான் பிழைப்பு. மானாவாரியில் முண்டு மிளகாய் போடுகிறோம், உருண்டையாக இருக்குமே அது. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த அதே ராமநாதபுரம் முண்டுதான். படகு கரையில் நிற்கிற நேரமும் எங்கள் புது வத்தல் சந்தைக்குப் போகிற நேரமும் ஒன்று. அதனால் வருஷத்துக்கு வேண்டிய குழம்புத்தூள் அரைக்க இதுதான் தோது.

முன்பு ஏர்வாடி தர்காவுக்கு வந்த ஒரு கோயம்புத்தூர் அக்கா, களத்தில் காய்கிறதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். நல்லா சிவப்பாகப் பொறுக்கிக் கொடுங்கள் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் அப்பத்தா, "நிறத்தப் பாத்து வாங்காதத்தா, காதுகிட்ட வச்சுக் குலுக்கிப் பாரு" என்று ஒரு வத்தலை அவர் கையில் கொடுத்தது. உள்ளே விதை சலசலவென்று ஆட வேண்டும். முண்டுக்குத் தோல் தடிமன். வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். கடற்காற்றில் அது பூசணம் பிடித்தால் மொத்த மூட்டையும் போச்சு. சத்தம் கேட்காத வத்தலை இன்னும் இரண்டு வெயிலில் போடுங்கள். காம்போடு வைத்திருந்து, மில்லுக்குக் கொண்டு போகிற அன்றைக்குக் கிள்ளினால் போதும். அரைத்த தூளைச் சூட்டோடு மூடாதீர்கள், பாயில் பரப்பி ஆற விட்டு அப்புறம் அள்ளுங்கள்.

ஒரே சமயத்தில் எல்லாரும் வத்தலைக் கொண்டுவருவதால் விலை இறங்கிவிடுகிறது. வருஷத்துக்கான தூளை அரைக்கிறவர்கள் களத்திலேயே வந்து வாங்கினால் எங்களுக்குப் பெரிய உதவி.

தங்கச்சிமடம்:

குலுக்கிப் பார்த்து வாங்குவது எனக்குப் புதுசு. இந்த வருஷத்து வத்தலுக்குக் களத்துக்கே வருகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

கீழக்கரை அக்கா, மாசித்தூளை முருங்கைக்கீரையில் போட்டுப் பார்த்தேன். கீரை வதங்கி, தண்ணீர் சுண்டின பிறகு போட்டால் உதிரியாக வருகிறது. மாசியிலேயே உப்பு இருப்பதால் கீரைக்கு உப்பைப் பாதிதான் போட்டேன், சரியாக இருந்தது. தேவிபட்டினம், தொண்டிப் பக்கத்தில் யாராவது இருந்தால் கத்தரிக்காய்க் கருவாட்டுக் குழம்பு நீங்கள் எப்படி வைப்பீர்கள் என்று எழுதுங்கள். கருவாட்டை வறுத்துப் போடுவதா, அப்படியே போடுவதா என்று என் மாமியார் கேட்கிறார்.