மக்காச்சோளக் குருத்தில் இருப்பது படைப்புழுவா, தண்டுத்துளைப்பானா?

கேள்வி: பெரம்பலூர்ப் பகுதியில் மானாவாரியாக விதைத்த எங்கள் மக்காச்சோளத்தின் இலைகள் கண்டபடி கிழிந்திருக்கின்றன; குருத்தினுள் ஈரமான மரத்தூள் போன்ற கழிவு அடைந்து கிடக்கிறது. மருந்துக் கடைக்காரர் தண்டுத்துளைப்பான் என்கிறார். எப்படி உறுதி செய்வது?

பதில் 1: ஐயா, குருத்தைப் பிரித்து, சற்று வளர்ந்த புழுவாக ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். தலையில் தலைகீழான ‘ஒய்’ வடிவக் கோடும், வால்பகுதியை ஒட்டிய உடற்கண்டத்தில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் தெரிந்தால், அது 2018-இல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டு அதே ஆண்டு தமிழ்நாட்டிலும் பரவிய, அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட படைப்புழுவேதான். கழிவைப் பற்றி நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கும் அந்தச் சந்தேகமே வலுக்கிறது.

பதில் 2: தண்டுத்துளைப்பான் என்றால் விரிந்த இலையில் குறுக்கே வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும், இளம்பயிரில் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிடும்.

கேட்டவர்: நான்கு புள்ளிகளும் தெளிவாகத் தெரிகின்றன, ஐயா. மருந்து?

பதில் 1: எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி (நீரில் கரையும் குருணை வடிவப் பூச்சிக்கொல்லி), லிட்டர் தண்ணீருக்கு 0.4 கிராம். பகலில் புழு குருத்துக்குள் பதுங்கிவிடுவதால், இலைமேல் தெளிப்பது வீண்செலவு. மாலையில், கரைசல் குருத்துக்குள் இறங்குமாறு தெளியுங்கள்.