180 மீட்டர் கேபிள் முனையில் கான்டாக்டர் அடித்துக்கொள்கிறது: வழி சொல்லுங்கள்

வணக்கம். கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பம்ப். சிங்கிள் ஃபேஸ், 1.5 எச்பி. மீட்டரிலிருந்து ஓடைக்கு 180 மீட்டர், 2.5 சதுர மி.மீ. காப்பர் கேபிள். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால், பம்புக்கு மின்சாரம் சேர்க்கும் காந்த சுவிட்சான கான்டாக்டர் டகடகவென்று அடிக்கிறது.

கழற்றிப் பார்த்தாச்சு. மூடுபனி ஈரத்தில் காந்த முகப்பில் செந்நிறத் துரு, மெழுகு பூசியதுபோல. துடைத்தாச்சு. முகப்பில் பதித்த செம்பு வளையமும் உடையவில்லை. ஏசி மின்னோட்டம் பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தில் பிடியை விடாமல் காப்பது அதுதான், அதனால் முதலில் அதைத்தான் சந்தேகித்தேன்.

மிச்சம் வோல்டேஜ். கேபிளின் ரெசிஸ்டன்ஸ் கிலோமீட்டருக்கு 7.4 ஓம், போக வர 360 மீட்டருக்கு சுமார் 2.7 ஓம். ஓடும்போது 9 ஆம்பியர், 24 வோல்ட் இழப்பு: மீட்டரில் 225, பம்பில் 201. ஸ்டார்ட்டிங்கில் மின்னோட்டம் பல மடங்கு. கான்டாக்டர் காயிலின் இழுவிசை வோல்டேஜின் வர்க்கத்தோடு போவதால், 70 சதவீதத்துக்கு இறங்கினாலே பிடி பாதியாகிறது. விடுகிறது, லோடு போனதும் வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி பிடிக்கிறது. வெள்ளி முனைகள் கருகிக்கொண்டே இருக்கின்றன.

கான்டாக்டரை மீட்டர் பக்கம் மாற்றினால் அடிப்பது நிற்கும். ஆனால் மோட்டாருக்குக் குறை அப்படியே. 6 சதுர மி.மீ. காப்பர் போட்டால் இழப்பு 10 வோல்ட். 10 அலுமினியத்துக்கும் அதே ரெசிஸ்டன்ஸ், விலை குறைவு. இந்த ஈரத்தில் அலுமினிய முனைக்கு பைமெட்டல் லக் (அலுமினியமும் செம்பும் சேர்ந்த இணைப்பு முனை) போட்டால் தாங்குமா? குன்னூர், ஊட்டி பக்கம் போட்டவர்கள் சொல்லுங்கள்.