பாராட்டு விழாவுக்கு 50 வெள்ளி: பலகையில் யார் படம்?

சிங்கப்பூரில் இருக்கும் நம் ஊர்ச் சங்கத்து உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

நம் ஊராட்சித் தலைவராக இருந்த அக்காவுக்குப் பாராட்டு விழா, தலைக்கு 50 வெள்ளி என்று செயலாளர் அண்ணன் போட்ட மடலைப் படித்ததும் சந்தோஷப்பட்டேன். முன்பே செய்திருக்க வேண்டிய காரியம். ஆனால் போன வாரம் ஊருக்குப் போன என் தங்கை, பேருந்து நிறுத்தத்தில் கட்டப்போகும் பிளெக்ஸின் மாதிரியைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். அக்காவின் கணவர், நம் அத்தான், ஆளுயரத்துக்குக் கைகூப்பி நிற்கிறார். அக்கா ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு இருக்கிறார். கேடயத்திலும் அத்தான் பெயரைப் போட்டு, கீழே 'துணைவியார்' என்று அக்கா பெயரைச் செதுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். இதற்கு நான் ஒரு வெள்ளிகூடத் தரமாட்டேன்.

அத்தானைக் குறை சொல்லவில்லை. 2018ல் கஜா புயல் அடித்தபோது விழுந்த தென்னைகளை அறுத்து வழி திறந்தவர்களில் அவரும் உண்டு. ஆனால் ஊராட்சியை நடத்தியவர் அவரில்லை. 2019 டிசம்பர் தேர்தலில் ஓட்டு வாங்கி ஜெயித்தது அக்கா. துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் ஊராட்சி செக் செல்லும். அந்த ஒரு கையெழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு கீழத்தெரு ஆட்கள் அவரை அலையவிட்டது உங்களுக்கும் தெரியும். மோட்டார் எரிந்து தொட்டியில் தண்ணீர் ஏறாமல் கிடந்தபோது ஒன்றிய அலுவலகத்து வாசலில் போய் நின்றதும் அவர்தான். பெரிய குளத்து வாரியை அளந்து கல் நட வைத்தபோது எங்கள் பெரியப்பா வளைத்திருந்த இடமும் போனது. அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அதற்காக அவர் செய்ததை இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

2020 ஏப்ரலில் இங்கே தங்கும் விடுதிகளை அடைத்தபோது நம் பிள்ளைகள் அறையை விட்டு வெளியே வரமுடியவில்லை. ஊரில் தாய்மார் பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்று சோறு இறங்காமல் கிடந்தார்கள். அக்கா முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், தன் கைபேசியில் முகம் பார்த்துப் பேச வைத்தார். இந்தக் குழுவில் இருக்கும் பொங்கோல் தம்பிக்கு அது மறந்திருக்காது. அவனே எழுதட்டும்.

'இட ஒதுக்கீட்டில் கிடைத்த நாற்காலிதானே' என்று உட்லண்ட்ஸ் சித்தப்பா எழுதியிருந்தார். சித்தப்பா, அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கொடுத்தது. 2016ல் தமிழ்நாட்டில் அதைப் பாதியாக்கினார்கள். ஆனால் நாற்காலியில் உட்கார விடுவதும் விடாததும் ஊர்க்காரர்கள் கையில்தானே இருக்கிறது? கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியலினத் தலைவரைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்திய படத்தை 2020ல் நாடே பார்த்தது. நம் ஊர் மட்டும் யோக்கியமா? அக்கா பதவியேற்ற அதே மாதம், குடியரசு நாளில், கொடியேற்ற அத்தானைத்தான் கூப்பிட்டார்கள். அக்கா யாரிடமும் சண்டை போடவில்லை. முன்னால் போய்க் கயிற்றைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு வாயை மூடி நின்றவர்கள்தான் இன்றைக்கு இந்த பிளெக்ஸை அடிக்கக் கொடுத்திருக்கிறார்கள்.

ஜூரோங் மாமா, கஜா புயலுக்காக நாம் திரட்டிய பணத்தின் கணக்கை மறுபடியும் கேட்டிருக்கிறார். கேட்பது நியாயம், பொருளாளர் பதில் சொல்லட்டும். இந்த முறையாவது ஒன்றைப் பார்த்துச் செய்யுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர் ஊரிலுள்ள சங்கத்துக்கு அனுப்பினால் ஆகும். அதை வாங்க அந்தச் சங்கத்துக்கு ஒன்றிய அரசின் பதிவோ முன்அனுமதியோ வேண்டும். இரண்டையும் ஒரே உறையில் போட்டுவிட்டுப் பிறகு அக்கா தலையில் பழி விழ விடாதீர்கள். அவரைப் பிடிக்காதவர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு அவர் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போய்விட்டது. காரியம் ஆக வேண்டி நாம் சால்வை போடுகிறோம் என்று இனி யாரும் பேச முடியாது. ஆகவே பலகையில் அவர் படம் மட்டும் இருக்கட்டும், கேடயத்தில் அவர் பெயர் மட்டும் இருக்கட்டும். மேடையில் வாழ்த்துரைகளுக்கு முன்னால் மைக்கை அவரிடம் கொடுங்கள். போன வருட ஆண்டு விழாவில் எட்டு ஆண்கள் பேசி முடித்த பிறகு, நேரமாகிவிட்டது என்று அவரை நன்றி மட்டும் சொல்லச் சொன்னதை நான் மறக்கவில்லை.

இன்னொன்று. சால்வை வேண்டாம், கிராம சபையில் தீர்மானம் போட்டும் நின்றுபோன பெண்கள் கழிப்பறையை முடிக்க உதவச் சொல் என்று என் தங்கையிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். விழாச் செலவு போக மிஞ்சுவதை 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் பங்காகக் கட்டினால் மீதியை அரசு போடும். ஒன்றிய அலுவலகத்தில் விசாரிக்க என் தங்கை தயாராக இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா கூட்டத்துக்குத் திருத்திய மாதிரியைக் கொண்டுவாருங்கள், அண்ணே. பார்த்துவிட்டு அங்கேயே 200 வெள்ளி தருகிறேன்.

அன்புடன்,
மேலத்தெரு மூத்தவள், தெம்பனிஸ்